‘லேட்டா நடக்கும்’ என்று காத்திருக்காதீர்கள்!

மதுரையில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய பேச்சுதான் இது.

‘‘ஏத்தா, பிள்ளைக்கு ஆறு மாசம் ஆகப் போகுது... இன்னும் கழுத்து நிக்கலையே? காலைக்கூட உதைக்க மாட்டேங்குது?’’

‘‘ஒண்ணுமில்லத்தே. இவரும் லேட்டாத்தான் நடந்தாராம். நீங்கதானே சொன்னீங்க?’’

‘‘ஆமா ஆமா, இவன் ரெண்டு வயசுலதான் எந்திரிச்சு நடந்தான். நல்லெண்ணெய் தேய்ச்சு, வெயில்ல காட்டு. எல்லாம் சரியாயிரும்.’’

பெரும்பாலான வீடுகளில் சரியாகத்தான் போகும். குழந்தை நாலு மாதம் பிந்தி நடக்கும்; பாட்டி சொன்னது பலித்துவிட்டது என்று எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஏதோ ஒரு வீட்டில் அது சரியாகாது. அந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துக் காத்திருந்த ஒவ்வொரு வாரமும், குழந்தையின் முதுகுத் தண்டில் உள்ள நரம்பு செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கும். செத்த நரம்பு செல்லை எந்த மருந்தாலும் பிழைக்கவைக்க முடியாது.

இந்த நோய்க்கு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து எஸ்.எம்.ஏ. என்று பெயர். தமிழில் ‘முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு’ என்கிறார்கள். 2021-ல் தமிழ்நாட்டுக் குழந்தை ஒன்றுக்கு 16 கோடி ரூபாய் ஊசி போட வேண்டும் என்று ஊர் ஊராகப் பணம் திரட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதே நோய்தான். ‘நமக்கெல்லாம் ஏன் வரப்போகுது’ என்று அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்தோம். இன்றைக்கு நிலைமை மாறிவிட்டது. மருந்து கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. நாம்தான் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

தையல்காரரும் ஏழாம் துண்டும்

நோய் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்துவிடுவோம். புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். வீண் பழி போடுவதும் நின்றுவிடும்.

மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தையல் மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்த காலம் மதுரைக்காரர்களுக்கு மறக்காது. துணியை விரிப்பார்கள், சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார்கள், வேண்டாததை வெட்டி எறிவார்கள், வேண்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைப்பார்கள். அரை மணியில் சட்டை ரெடி!

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இதே தையல் வேலை நடக்கிறது. உடம்புக்கு வேண்டிய புரோட்டீன்களுக்கான குறிப்பெல்லாம் டி.என்.ஏ.வில், அதாவது ஜீன்களில் இருக்கிறது. அந்தக் குறிப்பிலிருந்து எடுக்கிற நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். இந்த நகல்தான் துணி. எடுத்தவுடன் அப்படியே பயன்படாது. நடுநடுவே வேண்டாத பகுதிகள் இருக்கும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, வேண்டிய துண்டுகளை ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று அடையாளம் காட்டுவதற்கென்றே சில புரோட்டீன்கள் ஆர்.என்.ஏ. மேல் போய் உட்காருகின்றன. இவைதான் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரோட்டீன்கள். மனித உடம்பில் இந்த ரகத்தில் சுமார் 1,500 புரோட்டீன்கள் இருப்பதாகக் கணக்கு. சில ‘இங்கே வெட்டு’ என்று சொல்லும். சில ‘இந்தத் துண்டை விட்டுவிடாதே, சேர்த்துக்கொள்’ என்று சொல்லும். இரண்டு கட்சியும் சரியாக இருந்தால் சட்டை சரியாக வரும்.

எஸ்.எம்.ஏ. நோயில் நடப்பதைப் பாருங்கள். நம்மிடம் எஸ்.எம்.என்.1 என்று ஒரு ஜீன் இருக்கிறது. 1995-ல் பாரிஸில் ஜூடித் மெல்கி என்ற பெண் விஞ்ஞானியின் குழு இதைக் கண்டுபிடித்தது. இந்த ஜீன் தருகிற எஸ்.எம்.என். புரோட்டீனின் முக்கிய வேலை என்ன தெரியுமா? ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டுகிற கருவிகளைச் சேர்த்துக் கட்டித் தருவது! அதாவது, தையல்காரருக்குக் கத்திரிக்கோல் செய்து தருகிற ஆள் இது. இந்த ஆள் குறைந்தால் எல்லாச் செல்லும் கஷ்டப்படும். ஆனால் தசைக்கு உத்தரவு கொடுக்கிற தண்டுவட நரம்பு செல்கள்தான் முதலில் தாங்காமல் போகின்றன. நரம்பு போனால் தசை சூம்பும். கால், இடுப்பு, தோள் என்று ஆரம்பித்து, கடைசியில் மூச்சு விடுகிற தசை வரைக்கும் போகும்.

கடவுள் கொடுத்த ஸ்பேர் போல இன்னொரு ஜீனும் நம்மிடம் உண்டு: எஸ்.எம்.என்.2. முதல் ஜீனின் அச்சு அசல்தான். ஆனால் ஏழாம் துண்டில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த ஓர் எழுத்தால், ‘சேர்த்துக்கொள்’ என்கிற புரோட்டீனுக்குப் பிடி கிடைப்பதில்லை; ‘வெட்டு’ என்கிற புரோட்டீன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏழாம் துண்டு பெரும்பாலும் வெட்டப்பட்டுக் குப்பைக்குப் போகிறது. நூற்றுக்குப் பத்து அளவுக்குத்தான் முழுச் சட்டை வருகிறது. முதல் ஜீன் அடியோடு இல்லாத குழந்தை, இந்தப் பத்தை வைத்துக்கொண்டுதான் போராடுகிறது.

ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரோட்டீன்களில் கோளாறு வந்தால் இந்த ஒரு நோய்தான் என்று நினைக்காதீர்கள். சில பிள்ளைகளுக்குப் புத்தி வளர்ச்சி குன்றிப் போகிற ‘ஃப்ராஜைல் எக்ஸ்’ என்ற கோளாறில், மூளையில் ஆர்.என்.ஏ.வைப் பிடித்து அளவாக வேலை வாங்கும் ஒரு புரோட்டீன் இல்லாமல் போகிறது. விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்த ஏ.எல்.எஸ். நோயில், பெரும்பாலான நோயாளிகளின் நரம்பு செல்களில் டி.டி.பி.-43 என்ற புரோட்டீன் தன் இடத்தை விட்டு வெளியேறிக் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்கிறது என்று 2006-ல் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஆர்.என்.ஏ.வைப் பிடிக்கும் புரோட்டீன்தான். ஆனால், கோளாறு எந்த இடத்தில் என்று பார்த்து, அதே இடத்தில் கை வைத்து மருந்து செய்ததில் பெரிய வெற்றி எஸ்.எம்.ஏ.வில்தான் கிடைத்திருக்கிறது.

வெட்டுகிற கையைத் தடுத்த மருந்து

2006-ல் அமெரிக்காவில் ரவீந்திர சிங், நடாலியா சிங் குழுவினர் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். எஸ்.எம்.என்.2 நகலில் ஏழாம் துண்டுக்குப் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது; அதை மறைத்துவிட்டால் ஏழாம் துண்டு தப்பிவிடுகிறது! ‘வெட்டு’ என்று சொல்கிற புரோட்டீன்கள் வந்து உட்காருகிற இடங்களில் அதுவும் ஒன்று. அந்த இடத்தில் ஒட்டுப் போட்டது மாதிரி போய் ஒட்டிக்கொள்கிற மருந்தை ஏட்ரியன் கிரைனர் என்ற விஞ்ஞானியும் ஒரு மருந்துக் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கினார்கள். அதுதான் நுசினெர்சென். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதுகுத் தண்டில் ஊசியாகப் போட வேண்டும். முதலில் நாலு ஊசி, அப்புறம் நாலு மாதத்துக்கு ஒன்று.

2019-ல் இல்லாத ஜீனையே வைரஸ் மூலம் உள்ளே அனுப்புகிற ஊசி வந்தது. அந்த 16 கோடி ஊசி அதுதான். 2020-ல் ரிஸ்டிப்லாம் வந்தது. இது ஊசி இல்லை. தினமும் வாயில் கொடுக்கிற திரவ மருந்து. இதுவும் அந்த ஏழாம் துண்டை வெட்ட விடாமல் காப்பாற்றுகிற மருந்துதான்.

இப்போது முக்கியமான விஷயம். நுசினெர்சென் மருந்தை, நோய்க்குறி தெரிவதற்கு முன்பே 25 கைக்குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனையில் நோய் உண்டு என்று தெரிந்த குழந்தைகள் அவர்கள். 2019-ல் வந்த அறிக்கைப்படி 25 பேரும் உயிரோடு இருந்தார்கள். 22 பேர் பிடிக்காமல் தாமாகவே நடந்தார்கள்! மருந்தில்லாத காலத்தில், இந்த நோயின் கடுமையான வகை வந்த குழந்தை உட்காரக்கூட முடியாமல் இரண்டு வயதுக்குள் போய்விடும் என்பதுதான் கணக்கு. அதே மருந்தை ஏழெட்டு மாதம் கழித்துக் கொடுத்தால் உயிர் நிற்கலாம். ஆனால் நடை திரும்புமா என்பது சந்தேகம். அடுப்பை எப்போது அணைத்தோம் என்பதைப் பொறுத்துத்தானே பாலில் மிச்சம்?

விலை இறங்கியிருக்கிறது

‘‘மருந்து இருந்து என்ன சார் பிரயோசனம்? நம்மால் வாங்க முடியுமா?’’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ரிஸ்டிப்லாம் 2021-ல் இந்தியாவுக்கு வந்தபோது ஒரு பாட்டில் 6 லட்ச ரூபாய்க்கு மேல். அதே மருந்தை இங்கேயே தயாரிக்க ஹைதராபாத் நேட்கோ கம்பெனி முன்வந்தது. ரோச் கம்பெனி வழக்குப் போட்டது. டெல்லி ஐகோர்ட் 2025 மார்ச்சில் தடை விதிக்க மறுத்தது. அக்டோபரில் அப்பீலும் தள்ளுபடியானது. அதே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் தலையிடவில்லை. நேட்கோ விலை ஒரு பாட்டில் 15,900 ரூபாய்!

இதுவும் சின்னத் தொகை என்று நான் சொல்ல மாட்டேன். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மாதம் இரண்டரை பாட்டில் பிடிக்கும்; அதாவது 40,000 ரூபாய் வாக்கில். அதுவும் ஆயுசுக்கும் கொடுக்க வேண்டிய மருந்து. ஒரு சம்பளத்தில் ஓடுகிற குடும்பத்துக்கு இது மலைதான். ஆனால் 16 கோடி எங்கே, இது எங்கே? அரசாங்கம் நினைத்தால் வாங்கிக் கொடுக்கக்கூடிய விலை இது. மத்திய அரசின் 2021-ம் வருஷத்து அரிய நோய்க் கொள்கையின்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. அதற்கான மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் ஒன்று. ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்துக்கு ஒரு தடவை உதவி போதாது. மாநில அரசு இதைத் தன் மருந்துப் பட்டியலில் சேர்த்துத் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

முறைப்பெண்ணும் கணக்கும்

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை.

இந்த நோய் வர, குழந்தைக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் பழுதான ஜீன் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பழுது இருப்பவரைக் ‘கேரியர்’ என்கிறோம். டிபன் கேரியர் மாதிரிதான். சுமக்கும், ஆனால் சாப்பிடாது! அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. நம்மில் சுமார் 50 பேருக்கு ஒருவர் இப்படி இருக்கலாம். ஒரு கல்யாண மண்டபத்தில் 500 பேர் பந்தியில் உட்கார்ந்தால், அதில் பத்துப் பேர்!

கணவனும் மனைவியும் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ‘முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்கு வராது’ என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டுப் புதுசாகக் குலுக்கப்படுகிறது. ஆண், பெண் வித்தியாசமும் கிடையாது.

இப்போது நம்ம ஊர் வழக்கத்துக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வு 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 கல்யாணம் சொந்தத்துக்குள் நடக்கிறது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கமெல்லாம் ‘பிறந்தப்பவே பேசி வெச்சது’ என்கிற பேச்சு இன்னமும் இருக்கிறது. கணவர் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். மனைவி முன்பின் உறவில்லாதவர் என்றால், அவரும் கேரியராக இருக்க 50-ல் ஒரு வாய்ப்பு. மனைவி அத்தை மகள் அல்லது மாமன் மகள் என்றால் 8-ல் ஒன்று. அக்கா மகளை தாய்மாமன் கட்டினால் 4-ல் ஒன்று! ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து ஒரே பழுது இரண்டு கிளை வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது.

நான் சொந்தத்தில் கட்டவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அத்தையே மாமியாராக இருந்தால் பெண்ணுக்கு ஓர் ஆதரவு, சொத்து சிதறாது, கஷ்டம் வந்தால் ரெண்டு வீடும் ஒரே வீடு. இதெல்லாம் உண்மைதான். சொந்தத்தில் கட்டியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தைகள்தான் பிறக்கின்றன. பொதுவாகவே பிறவிக் கோளாறு நூற்றுக்கு 2, 3 குழந்தைகளுக்கு வரும். மாமன் அத்தை மக்கள் கட்டினால் அதோடு இன்னும் 2, 3 கூடும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு மூன்றில் நம் வீடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வழி இருக்கும்போது, பார்க்காமல் இருப்பது ஏன்?

அசலில் கட்டியவர்கள் மார் தட்ட வேண்டாம். கேரியர்கள் இவ்வளவு பேர் இருப்பதால், உறவே இல்லாத தம்பதிக்கும் இந்தக் குழந்தை பிறக்கிறது. பத்தாயிரம் பிரசவத்தில் ஒன்று என்கிற கணக்கு எல்லோருக்கும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு எட்டு லட்சம் பிரசவத்துக்கு மேல் நடக்கிறது. அப்படியென்றால் எண்பது குழந்தைகள். எண்பது தொட்டில்கள்!

பழி போடாதீர்கள்

இந்த எண்பது வீடுகளிலும் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘‘மாசமா இருக்கும்போது கிரகணத்துல வெளியே வந்தா’’, ‘‘வந்தவ ராசி’’, ‘‘அவ வம்சத்துல ஏதோ இருக்கு’’ என்று எல்லாம் மருமகள் தலையில் விடியும். மேலே சொன்ன கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று. சரிபாதி. பழி சொல்கிற மாமியார் அல்லது மாமனாரிடமிருந்துதான் ஒரு பாதி வந்திருக்கும்! யாரும் வேண்டுமென்று கொடுத்ததில்லை. யாருக்கும் தெரிந்திருக்கவும் இல்லை.

பழிக்குப் பயந்து மறைப்பது இன்னும் மோசம். ‘வெளியே தெரிந்தால் அடுத்தவள் கல்யாணம் நின்றுபோகும்’ என்று குழந்தையின் நோயை மூடி வைக்கிறார்கள். அந்த அடுத்தவளுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். கேரியரின் கூடப் பிறந்தவர் ஒவ்வொருவரும் கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறதே! அவள் போய் முறை மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அதே துக்கத்தை மறுபடி படுவதற்கா மறைப்பது?

என்ன செய்ய வேண்டும்?

குழந்தை கால், கையை உதைக்காமல் துவண்டு கிடந்தால், தவளை மாதிரி கால் விரிந்து கிடந்தால், நாலு மாதம் தாண்டியும் கழுத்து நிற்காவிட்டால், அழுகைச் சத்தம் மெலிந்தால், பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறினால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு மட்டும் ஏறி இறங்கினால், நாக்கில் துடிப்புத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உட்கார்ந்த குழந்தை நிற்காமல் போனாலும், நடந்த பிள்ளை மாடிப்படி ஏறத் திணறினாலும் அப்படியே. முகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்தக் குழந்தைகளின் கண்ணில் சுறுசுறுப்பு பளிச்சென்று இருக்கும். அறிவில் எந்தக் குறையும் இருக்காது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுங்கள், தப்பில்லை. அதையே வைத்தியமாக நினைத்து மாதக் கணக்கில் காத்திருப்பதுதான் தப்பு. மதுரையில் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவும் நரம்பியல் பிரிவும் இருக்கின்றன. ஒரு ரத்தப் பரிசோதனை விஷயத்தைச் சொல்லிவிடும்.

கல்யாணம் பேசுகிறவர்களும், புதிதாகக் கர்ப்பமானவர்களும் கேரியர் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு. மண்டபத்துக்குச் சீரியல் லைட் போடுகிற காசு! முதலில் ஒருவர் பார்த்தால் போதும். அவர் கேரியர் இல்லை என்று வந்தால் பெரும்பாலும் நிம்மதி. (நூற்றுக்கு நூறு இல்லை; சில கேரியர்கள் இந்தப் பரிசோதனையில் சிக்குவதில்லை.) இருவரும் கேரியர் என்று வந்தாலும் உலகம் முடிந்துவிடாது. கர்ப்பத்தின் மூன்றாம், நாலாம் மாதங்களிலேயே கருவுக்கு நோய் உண்டா என்று பார்க்கலாம். பரம்பரை நோய்க்காக இப்படிப் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று சொல்வதற்குத்தான் தடை. அதற்கு மேல் என்ன முடிவு எடுப்பது என்பது அந்தத் தம்பதியின் உரிமை. குழந்தையைப் பெற்று, பிறந்த வாரமே மருந்தை ஆரம்பிக்கிற வழியும் இன்றைக்கு இருக்கிறது.

அரசாங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தைவானில் 2014-லேயே பிறந்த குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். அமெரிக்கா 2018-ல் தன் பட்டியலில் சேர்த்தது. குதிகாலில் ஊசி குத்தி எடுக்கிற ஒரு சொட்டு ரத்தம் போதும். பிரசவத்தில் தாய் சாவதைக் குறைத்துக் காட்டிய தமிழ்நாடு, கிராமம் கிராமமாக நர்ஸ் அனுப்புகிற தமிழ்நாடு, இதைச் செய்ய முடியாதா? மருந்து 6 லட்சமாக இருந்தபோது ‘கண்டுபிடித்து என்ன செய்வது?’ என்று கேட்டார்கள். அந்தச் சாக்கு 2025 அக்டோபரோடு போய்விட்டது.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘லேட்டா நடக்கும்’ என்று நீங்கள் சொல்வது பிள்ளையின் அம்மா பயந்துவிடக் கூடாதே என்கிற பாசத்தில்தான். அது எனக்குத் தெரியும். அந்தப் பாசத்தோடு இன்னும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்:

‘‘எதுக்கும் நாளைக்கு ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவோம் தாயி. நானும் கூட வர்றேன்.’’